பேஷண்ட் பார்க்கும் வேலைக்குப் போகும் முன்: வடசென்னைப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

காலை ஆறு மணிக்குத் தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தின் வாசலில் நின்று பாருங்கள். கட்டைப்பையுடன் பெண்கள் வருவார்கள். பையில் இரண்டு நைட்டி, ஒரு புடவை, துண்டு, சோப்பு, தைலப் புட்டி, செல்போன் சார்ஜர் இருக்கும். அண்ணா நகரிலோ கீழ்ப்பாக்கத்திலோ அடையாற்றிலோ படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள். சிலர் இரவே திரும்புவார்கள். பலர் ஒரு மாதம், மூன்று மாதம் கழித்துத்தான் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பார்கள். 16 ஆண்டுகள் நானும் அப்படி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனவள்.

எங்கள் பக்கத்தில் இதை ஆயா வேலை என்பார்கள், ஹோம் கேர் என்பார்கள், பேஷண்ட் பார்க்கிற வேலை என்பார்கள். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் வீட்டில் உலை வைக்க வேண்டுமே என்று புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவசரத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் கிளம்பிவிடுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். படிக்க முடியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறேன், எந்த வீட்டுக்குப் போனாலும் உங்கள் காதில் விழப்போகிற வாக்கியம்: "நீ எங்கள் வீட்டுப் பெண் மாதிரி." பல வீடுகளில் அதை உள்ளன்போடு சொல்கிறார்கள். எனக்கும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு, இன்றும் அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகிறேன். ஆனால் சம்பளத் தேதி தள்ளிப்போகும்போதும், இரவு முழுக்கக் கண்விழித்தபின் காலையில் பாத்திரமும் துலக்கச் சொல்லும்போதும் இதே வாக்கியம்தான் வரும். வீட்டுப் பெண்ணுக்கு அந்த வீட்டில் பங்கு உண்டு. உங்களுக்கு உள்ளது கூலி. அந்தக் கூலியையும் நேரத்தையும் முதல் நாளே பேசிக்கொள்வதால் அன்பு குறைந்துவிடாது.

முதல் படி: எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்று தெளிவாகுங்கள்

12 மணி நேர டியூட்டியா, 24 மணி நேர டியூட்டியா என்று கேளுங்கள். நோயாளி ஆணா பெண்ணா, நடப்பாரா, எவ்வளவு எடை இருப்பார், மறதி நோய் இருக்கிறதா, மூக்கில் குழாய் இருக்கிறதா, படுக்கைப் புண் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். எண்பது கிலோ எடையுள்ளவரை ஒருத்தி மட்டும் புரட்ட முடியாது என்பது போனபிறகு தெரிந்து பயனில்லை.

அடுத்தது, நீங்கள் அட்டெண்டரா, நர்ஸா? குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, வேளைக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, நடக்கவைப்பது ஆகியவை அட்டெண்டர் வேலை. நரம்பில் ஊசி போடுவது, குளுக்கோஸ் ஏற்றுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, தொண்டையில் சளி உறிஞ்சுவது எல்லாம் பயிற்சி பெற்று நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் செய்ய வேண்டியவை. "பக்கத்து வீட்டு ஆயா செய்கிறாளே" என்று வற்புறுத்துவார்கள். நர்ஸுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிக் கேட்கிறார்கள். நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் காவல் நிலையத்தில் நிற்கப்போவது நீங்கள். "எனக்கு அந்தப் பயிற்சி இல்லை அம்மா, நர்ஸை வரச்சொல்லுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். இதில் மட்டும் தயவு தாட்சணியம் பார்க்காதீர்கள்.

இரண்டாம் படி: ஏஜென்சியில் கேட்க வேண்டியவை

உங்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்கு வீட்டுக்காரர் எவ்வளவு தருகிறார், அதில் உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது? இந்த ஒரு கேள்விக்குப் பெரும்பாலும் பதில் சொல்லமாட்டார்கள். ஆனாலும் கேளுங்கள். கமிஷன் ஒரு தடவையா, மாதா மாதமா என்றும் கேளுங்கள். சம்பளம் யார் தருவார்கள், எந்தத் தேதியில்? மாற்று ஆள் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருவார்? நடுவில் வேலை பிடிக்காமல் வந்துவிட்டால் செய்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா?

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ் எதுவாக இருந்தாலும் நகல் மட்டும் கொடுங்கள். அசலைக் கொடுத்துவிட்டு அதை மீட்பதற்காகவே ஆறு மாதம் பிடிக்காத வீட்டில் வேலை செய்த பெண்ணை எனக்குத் தெரியும். எழுதாத வெற்றுத் தாளிலோ முத்திரைத் தாளிலோ கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். பெரிய தொகையை முன்பணமாக வாங்காதீர்கள். கடன் அடையும்வரை போகக்கூடாது என்று பிடித்துவைப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அது செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மட்டுமான சட்டம் என்று நினைக்க வேண்டாம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஏஜென்சி என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். பிடித்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் திறந்திருக்கும். சம்பளத்தில் பிடித்தம் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு எண் தராமல் இழுத்தடித்தால் விட்டுவிடாமல் கேளுங்கள்.

மூன்றாம் படி: கூலிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

வீட்டு வேலைக்கான குறைந்தபட்ச ஊதியத்தைத் தமிழ்நாடு அரசு 2018-இல் அறிவித்தது. அப்போது மணிக்கு 37 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதன்பின் அகவிலைப்படியும் ஏறியிருக்கிறது. இப்போது 24 மணி நேர டியூட்டிக்கு மாதம் 18,000 ரூபாய் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்கப் பெரிய தொகைதான். 30 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 600. அதை 24-ஆல் வகுத்தால் மணிக்கு 25 ரூபாய். இரவில் எட்டு மணி நேரம் நீங்கள் நன்றாகத் தூங்கியதாகவே கணக்கு வைத்து 16-ஆல் வகுத்தாலும் 37 ரூபாய் 50 காசு. அதாவது 2018-இன் அடிமட்டக் கூலிக்கு மேல் ஐம்பது காசு. வார விடுமுறை இல்லை, கூடுதல் நேரத்துக்குக் கூலி இல்லை. படுக்கை நோயாளியின் அறையில் எட்டு மணி நேரம் யார் தூங்கியிருக்கிறார்கள்?

சாப்பாடும் தங்குமிடமும் தருகிறோமே என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்ப ஆள் அந்த அறையிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் உங்களைத் தங்கவைக்கிறார்கள். அதை உங்களுக்குச் செய்த உதவியாகக் கணக்கில் கழிக்க விடாதீர்கள்.

குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே சொல்லிவிட்டது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை செய்தவர்களின் வழக்கு அது. வீட்டுப் பணியாளர்களுக்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான தனிச் சட்டம் வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை. அதைப் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தனிச் சட்டம் வரும்வரை கையில் இருக்கும் சட்டங்களைத்தான் நாம் பயன்படுத்த வேண்டும். அவை குறைவுதான் என்றாலும் இருக்கின்றன.

நான்காம் படி: பேசியதை எழுதுங்கள்

ஒப்பந்தப் பத்திரம் எழுதித் தரும் வீடு நூற்றில் ஒன்றுகூட இருக்காது. அதனால் நீங்களே எழுதுங்கள். வேலையில் சேரும் நாளில் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "அம்மா, இன்று 5-ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பெரியம்மாவைப் பார்த்துக்கொள்வது மட்டும் என் வேலை. சம்பளம் மாதம் இவ்வளவு, மாதக் கடைசியில் வங்கியில் போடுவதாகச் சொன்னீர்கள். மாதம் இரண்டு நாள் லீவு. சரிதானே அம்மா?" அவர் "சரி" என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், அது சாட்சி. எழுத வராவிட்டால் குரல் பதிவாக அனுப்புங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால் அந்த வீட்டைப் பற்றி அன்றே தெரிந்துகொண்டீர்கள்.

சம்பளத்தைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கிலோ ஜி-பேயிலோ போடச் சொல்லுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: ஒரு நாற்பது பக்க நோட்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் வாங்கிப் பையில் போடுங்கள்.

முதல் பக்கத்தில் தொலைபேசி எண்கள்: அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, பெண்கள் உதவிக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100. உங்கள் வீட்டார் இருவரின் எண்களையும் எழுதுங்கள். செல்போனைப் பிடுங்கிவைத்தால் மனப்பாடமாக எத்தனை எண் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாம் பக்கம்தான் உங்களைக் காப்பாற்றப்போகிற பக்கம். வேலையில் சேர்ந்த முதல் மணி நேரத்திலேயே வீட்டாரில் ஒருவரை அருகில் நிறுத்திக்கொண்டு நோயாளிக்கு உடம்பு துடையுங்கள். முதுகு, இடுப்பு எலும்பு, குதிகால், முழங்கை எல்லாவற்றையும் பாருங்கள். எங்கே தோல் சிவந்திருக்கிறது, எங்கே புண், எவ்வளவு பெரியது, எங்கே கன்றிய தடம் என்று எழுதுங்கள். "அம்மா, இடது இடுப்பில் ஏற்கெனவே ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் நல்லது. படம் எடுப்பதானால் அவர்களையே அவர்கள் போனில் எடுக்கச் சொல்லுங்கள். நோயாளியின் உடம்பை உங்கள் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது அவருடைய மானத்துக்கு இழுக்கு, உங்களுக்கும் வம்பு.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த ஒரு பாட்டியிடம் என்னை அனுப்பினார்கள். முதுகில் புண்ணோடுதான் வந்தார். பதினோராம் நாள் வெளிநாட்டிலிருந்து மகன் வந்தார், புடவையை விலக்கிப் பார்த்தார், "என் அம்மாவை இப்படிப் போட்டுவைத்திருக்கிறாயே" என்று கத்தினார். அவர் கண்ணில் நீர் இருந்தது, அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. ஆனால் மருமகள் வாய் திறக்கவில்லை. ஏஜென்சி என் சம்பளத்தை நிறுத்தியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ராத்திரியும் பகலும் பாட்டியைப் புரட்டிப் படுக்கவைத்தேன் என்பதற்கு என்னிடம் ஒரு வரி எழுத்துகூட இல்லை. பதினோரு நாள் கூலி போனது. போனதைவிட, நான் அப்படிச் செய்திருப்பேன் என்று அந்த வீட்டில் நம்பினார்களே, அது இன்றும் வலிக்கிறது. அதற்கு அடுத்த வீட்டுக்கு நோட்டுடன்தான் போனேன்.

மூன்றாம் பக்கத்திலிருந்து அன்றாடக் கணக்கு: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், எப்போது எந்தப் பக்கம் புரட்டினீர்கள், என்ன சாப்பாடு, எந்த மாத்திரை, எத்தனை தடவை சிறுநீர். நோயாளியின் மருத்துவருக்கும் இது உதவும், அதனால் வீட்டாரும் மறுக்கமாட்டார்கள். கடைசிப் பக்கங்களில் உங்களுக்கு மட்டுமான குறிப்பு: யார் என்ன திட்டினார்கள், கை ஓங்கினார்களா, எந்தத் தேதி, எத்தனை மணி, யார் பார்த்தார்கள். ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து உங்கள் அக்காவுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள். நோட்டு காணாமல் போகலாம்.

ஆறாம் படி: உங்கள் உடம்பு

புரட்டும்போது கட்டில் உயரத்துக்கு முழங்காலை மடக்கி நில்லுங்கள், இடுப்பை வளைத்துத் தூக்காதீர்கள். நோயாளிக்கு அடியில் இழுவைத் துணி விரித்து, அதைப் பிடித்து இழுத்துப் புரட்டினால் பாதி பாரம் குறையும். கையுறையும் முகக்கவசமும் வாங்கித் தருவது வீட்டாரின் பொறுப்பு. சர்க்கரை பார்க்கும் ஊசி குத்திவிட்டால் அழுத்திப் பிழியாமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். உடனே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மருந்து தேவை என்றால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். வீட்டார் ஒன்றும் ஆகாது என்று சொன்னாலும் போய்விட்டு வாருங்கள்.

தூக்கமும் கூலியைச் சேர்ந்ததுதான். இரவில் மூன்று தடவைக்கு மேல் எழவேண்டிய நோயாளி என்றால் பகலில் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று சேரும்போதே கேளுங்கள். தூங்காதவள் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிடுவாள் என்று சொன்னால் வீட்டாருக்குச் சட்டென்று புரியும்.

ஏழாம் படி: வாய்ச்சொல், தட்டு, கதவு

தனித்தட்டு, தனி டம்ளர், பழைய சோறு, சமையலறைக்குள் வராதே என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. சென்னையின் பெரிய வீடுகளிலும் இருக்கிறது. புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று ஊர் பேரைச் சொன்னதும் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பெற்ற தாயின் மலத்தை அள்ளும் கையால் ஒரு தட்டைத் தொடக்கூடாது என்று சொல்கிறவர்களிடம் என்ன பேசுவது? நீங்கள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்து, சாதியைச் சொல்லி அவமதித்தாலோ அடித்தாலோ 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: சாதியைச் சொல்லித் திட்டியது பிறர் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கிறது. நான்கு சுவருக்குள் யாரும் இல்லாதபோது நடந்தது என்றால் வழக்கு பலவீனப்படும். அதனால் அப்போது சமையல்காரர், வாட்ச்மேன், பக்கத்து வீட்டுக்காரர் யார் இருந்தார்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள்.

வெளியே பூட்டிவிட்டுப் போவது, "பாதுகாப்புக்காக" என்று சாவியையும் போனையும் வாங்கிவைத்துக்கொள்வது, லீவு கேட்டால் விடமாட்டேன் என்பது எல்லாம் சாதாரணமாக நடக்கின்றன. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைப்பது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆவது பிரிவுப்படி குற்றம். தீப்பிடித்தால் நீங்களும் நோயாளியும் எப்படி வெளியே வருவீர்கள்? பூட்டப்பட்ட வீட்டிலிருந்து 112-ஐ அழைக்கத் தயங்காதீர்கள். அறையில் கேமரா இருந்தால் எங்கெல்லாம் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு, உடை மாற்றக் கேமரா இல்லாத, உள்ளே தாழ்ப்பாள் உள்ள இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெண் உடை மாற்றுவதை மறைந்து படம் பிடிப்பது தனிக் குற்றம்.

எட்டாம் படி: தொடக்கூடாத இடத்தில் தொட்டால்

மறதி நோய் உள்ள பெரியவர் தன்னை அறியாமல் கையைப் பிடிப்பார், உடையைக் களைவார். அதை நோயின் பகுதியாகப் பார்க்கப் பழகுகிறோம். ஆனால் அப்போதும் வீட்டாரிடம் சொல்லி எழுதிவைக்க வேண்டும். ஆண் உதவியாளரை வைக்கச் சொல்லக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. புத்தி தெளிவாக உள்ள நோயாளியோ, வீட்டு ஆண்களோ, ஏஜென்சி ஆட்களோ செய்தால் அது நோயல்ல.

பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான், வீட்டுப் பணியாளரும் அதில் சேர்த்தி. மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் வேலை செய்த வீடு சென்னை மாவட்டத்தில் இருந்தால், கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகில் ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். மே தினத்தை 1923-இல் இந்தச் சென்னையில் முதன்முதலாகக் கொண்டாடிய சிங்காரவேலரின் பெயர் சூட்டிய கட்டடம் அது, தயங்காமல் படியேறுங்கள். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தரலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தரும் கடமை குழுவுக்கு உண்டு. வீட்டுப் பணியாளரின் புகாரில் முகாந்திரம் இருந்தால் ஏழு நாளுக்குள் காவல்துறைக்கு அனுப்ப வேண்டும். குழுவுக்குப் போனால்தான் காவல் நிலையம் என்றில்லை, நேராகவும் போகலாம். எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: நகை காணவில்லை என்றால்

இந்த வேலையில் எல்லோருக்கும் ஒரு தடவையாவது வரும் நாள் இது. மோதிரம் காணவில்லை, முதல் பார்வை உங்கள் பையின்மேல் விழும். அழாதீர்கள், ஓடாதீர்கள், ஓடினால் சந்தேகம் உறுதியாகிவிடும். "போலீஸைக் கூப்பிடுங்கள், அவர்கள் முன்னால் பையைத் திறக்கிறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் உடம்பைச் சோதிக்க வீட்டாருக்கு எந்த அதிகாரமும் இல்லை. காவல்துறையும் பெண் காவலரைக் கொண்டு, மானத்துக்குப் பங்கம் இல்லாமல்தான் சோதிக்க வேண்டும். சூரியன் மறைந்தபின், உதிக்கும் முன் ஒரு பெண்ணைக் கைது செய்வதில்லை என்பது விதி. மிக அரிதான நிலையில் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியுடன் பெண் அதிகாரிதான் செய்யலாம். "எடுத்தேன் என்று எழுதிக்கொடு, விட்டுவிடுகிறோம்" என்று கேட்டால் ஒருபோதும் எழுதிக் கொடுக்காதீர்கள். சம்பளத்தில் கழித்துக்கொள்கிறோம் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இது வராமல் இருக்க ஒரு வழி: சேர்ந்த அன்றே நோயாளியின் கழுத்து, காது, கையில் உள்ள நகைகளை நோட்டில் எழுதி, வீட்டாரைக் கழற்றி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பீரோ சாவியை எவ்வளவு நம்பிக்கையோடு கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பத்தாம் படி: சம்பளம் வராவிட்டால்

முதலில் தேதி போட்டு வாட்ஸ்அப்பில் கேளுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, நாள் கணக்கு, தொகை எழுதி ஒரு கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் இரண்டு இடங்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் விம்கோ நகரிலிருந்து வரும் அதே மெட்ரோவிலேயே போகலாம்.

ஒன்று, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகம். ஏ.ஜி.-டி.எம்.எஸ். நிலையத்தில் இறங்குங்கள். உங்கள் பகுதிக்கு எந்த அதிகாரி என்று அங்கே கேட்டு மனு கொடுத்து, நகலில் முத்திரை போட்டு வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு, கொடுக்காத மனுவைப் போல. மற்றொன்று, உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். வழக்குப் போடும் முன்பே அங்கே மனு கொடுத்து வீட்டுக்காரரையோ ஏஜென்சியையோ அழைத்துப் பேசவைக்கலாம். சமரசம் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பதிவானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். என் அனுபவத்தில், அழைப்புக் கடிதம் போன உடனே பாதிப் பேர் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

தனியாகப் போகாதீர்கள். பெண் தொழிலாளர்கள் சங்கம், தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கம் போன்ற அமைப்புகள் தமிழ்நாட்டில் வேலை செய்கின்றன, உங்கள் பகுதியில் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். 1918-இல் பெரம்பூர் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கிய மண் இது. அந்த ஆலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாசலில் நுழைந்தார்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். நாம் ஆளுக்கொரு வீட்டில் கதவுக்குப் பின்னால் இருக்கிறோம். அதனால்தான் நமக்குச் சங்கம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

வாரியப் பதிவு

வேலைக்குப் போகும் முன்பே செய்யக்கூடியது இது, கடைசியில் சொல்கிறேன். தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது. 18 முதல் 60 வயதுக்குள் உள்ளவர்கள் இலவசமாகப் பதியலாம். பிள்ளைகளின் படிப்பு, மகப்பேறு, திருமணம், கண்ணாடி, விபத்து, மரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம், வேலைச் சான்று கொண்டுபோய் இ-சேவை மையத்தில் கேளுங்கள். புதுப்பிக்கும் தேதியை நோட்டின் அட்டையிலேயே எழுதிவையுங்கள். புதுப்பிக்க மறந்து ஓய்வூதியம் கிடைக்காமல் அலைந்த அக்காக்களைத் திருவொற்றியூரிலும் கொருக்குப்பேட்டையிலும் பார்த்திருக்கிறேன்.

கடைசி நாள்

இந்த வேலை ஒருநாள் திடீரென்று முடியும். நீங்கள் ஊட்டிவிட்டுக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டவர் விடியற்காலையில் இறந்துபோவார். முதலில் தெரிவது உங்களுக்குத்தான். உடனே வீட்டாரை எழுப்புங்கள், நேரத்தை எழுதுங்கள். மருத்துவர் வரும்வரை குழாய் எதையும் நீங்களாகக் கழற்றாதீர்கள். உறவுக்காரர்கள் வந்து நிறைந்ததும் உங்களுக்கு உட்கார இடம் இருக்காது, உங்களிடம் துக்கம் விசாரிக்கவும் யாரும் வரமாட்டார்கள். அழ வேண்டும்போல் இருந்தால் அழுங்கள்.

கிளம்பும் முன் மீதி மாத்திரைகளை எண்ணி, ஆக்சிஜன் கருவி, சக்கர நாற்காலி, டயப்பர்க் கட்டுகள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வீட்டாரில் ஒருவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். பையை அவர்கள் முன்னால் திறந்து காட்டிவிட்டு மூடுங்கள். அன்று பணம் கேட்க மனம் வராது, எனக்கும் வந்ததில்லை. "காரியம் முடிந்தபின் பேசுகிறேன் அம்மா, இந்த மாதம் 19 நாள் வேலை செய்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். 17-ஆம் நாள் போன் செய்யுங்கள். ஏஜென்சி அன்று மாலையே அடுத்த வீட்டின் முகவரியைச் சொல்லும். இரண்டு நாள் கழித்துத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.